வெறுங்காலில் மாரத்தான் பயிற்சி: எங்கே வலிக்கிறது, எதைப் பார்ப்பது?

ஜனவரியில் சென்னை மாரத்தான், பிப்ரவரியில் ஆரோவில். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஆகஸ்டிலேயே ஷூவைக் கழற்றுகிறவர்கள் எங்கள் பெசன்ட் நகர் குழுவில் வருஷத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். அக்டோபர் பிறந்ததும் புகார் வரத் தொடங்கும். "அக்கா, கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு." "காலையில எழுந்து கால ஊனவே முடியல." "பாதத்து மேல லேசா வீங்கியிருக்கு, ஐஸ் வச்சா போயிடுமா?" ஆள் மாறுகிறார், கோளாறு மாறுவதில்லை. ஓட்டம் முடிந்து நடைபாதைத் திட்டில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பாதத்தையும் கையில் பிடித்துப் பார்த்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்கு வலி எந்த இடத்தில் என்று பார்த்து, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாமல் சரியாகும் காரணம் முதலில் வரும். பணமும் மாதங்களும் கேட்கும் காரணம் கடைசியில் வரும். நான் மருத்துவர் இல்லை. நாமே பார்ப்பதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டம் வந்தபின் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் எந்தத் தலைப்புக்கும் போகும் முன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். ஒரு மெல்லிய நைலான் இழையால் அங்கங்கே தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். உணர்ச்சி குறைந்த பாதத்தோடு வெறுங்காலில் ஓடவே கூடாது. கண்ணாடி ஏறியதுகூடத் தெரியாமல் நாலு கிலோமீட்டர் போய்விடுவீர்கள்.

## உள்ளங்காலில் கொப்புளம், எரிச்சல்

கொப்புளம் எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

### முன்பாதத்தில், விரல்களின் அடிமூட்டை ஒட்டி வந்தால்

தரையைப் பின்னுக்குத் தள்ளி ஓடுகிறீர்கள். ஷூவில் ஓடும்போது அந்தத் தேய்மானத்தை ரப்பர் வாங்கிக்கொண்டது. இப்போது தோல் வாங்குகிறது. மொட்டைமாடியில் ஒரு சோதனை செய்யுங்கள். பாதத்தை நனைத்துக்கொண்டு காய்ந்த சிமெண்ட் தரையில் இருபதடி ஓடிவிட்டு, திரும்பி வந்து தடத்தைப் பாருங்கள். முத்திரை குத்தியது போல விரல் விரலாக விழுந்திருந்தால் நல்லது. பின்பக்கம் வால் முளைத்தது போல ஈரம் இழுபட்டிருந்தால், காலை எடுக்கும்போது தேய்க்கிறீர்கள். அடுப்பு மேடையில் கை பட்டதும் எப்படி வெடுக்கென்று எடுப்போமோ, அப்படி முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பழகுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி தடம் பாருங்கள்.

### விரல் நுனியில் வந்தால்

விரல்களை மடக்கித் தரையைப் பற்றுகிறீர்கள். புது ஆட்களும் மழைக்கால ஓட்டக்காரர்களும் இப்படிச் செய்வார்கள். பாதம் இறங்கும்போது விரல்களை லேசாக மேலே தூக்கிக்கொண்டால் போதும்.

### குதிகாலில் வந்தால்

காலை உடம்புக்கு முன்னால் நீட்டி வைத்து, ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிறீர்கள். கீழே முழங்கால் தலைப்பில் காலடி எண்ணும் முறை இருக்கிறது, அதைச் செய்யுங்கள்.

### பாதம் முழுக்கச் சிவந்து எரிந்தால்

சூடு. நம் ஊரில் எட்டு எட்டரைக்கு மேல் தார் ரோடு வெறுங்காலுக்கு உரியதில்லை. புறங்கையைத் தார்மேல் வைத்துப் பத்து எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு செருப்பு ஓட்டம். ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தாரைவிடச் சூடு குறைவு, வழுவழுப்பும் உண்டு. பந்தயத்தின் கடைசி நேரத்தில் பலருடைய பாதத்தை அதுதான் காப்பாற்றியிருக்கிறது. மழை பெய்திருந்தால் மட்டும் அதன்மேல் கால் வைக்காதீர்கள், வழுக்கும்.

மழை நாளில் இன்னொன்றும் உண்டு. ஊறிய தோல் சீக்கிரம் தேயும், தண்ணீர் குளுமையில் எரிச்சல் தெரியாது. வழக்கமாகப் பத்து கிலோமீட்டர் ஓடும் பாதத்துக்கு அன்று ஐந்து போதும்.

கொப்புளத்தின் மேல்தோலை உரிக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, மூடி, ஆறும்வரை ஷூவில் ஓடுங்கள். சீழ் வைத்தாலோ, அங்கிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஏறினாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.

## கெண்டைக்கால் இறுக்கம், குதிநாண் வலி

வெறுங்காலுக்கு மாறுகிற எல்லோருக்கும் முதல் மூன்று வாரம் கெண்டைக்கால் வலிக்கும். இரண்டு காலிலும் ஒரே அளவு, சதை முழுக்கப் பரவலாக, இரண்டு மூன்று நாளில் குறைந்தால் அது கோளாறே இல்லை. கீழே சொல்பவை அதற்கு மேல் நீடிக்கும் வலிக்கு.

குதிகால் தரையைத் தொடுகிறதா? முதலில் பார்க்க வேண்டியது இது. "முன்பாதத்தில் ஓடு" என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, 10 கிலோமீட்டரும் குதிகாலைத் தூக்கியே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பாதம் முதலில் இறங்கட்டும். அடுத்த கணமே குதிகாலும் மெதுவாகத் தரையைத் தொட்டு எழ வேண்டும். அது தொடாத வரை கெண்டைக்காலுக்கு ஓய்வே கிடைக்காது. பின்னாலிருந்து யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, அந்த வீடியோவை வேகம் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

எங்கே ஓடுகிறீர்கள்? மணலில் ஓடுவது மென்மையானது, பாதுகாப்பானது என்று நினைத்துத்தான் பலர் கடற்கரையில் தொடங்குகிறார்கள். உதிரி மணலில் குதிகால் ஒவ்வொரு அடியிலும் புதையும், கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிநாண் அளவுக்கு மேல் இழுபடும். அலை நனைத்த மணல் கெட்டிதான். ஆனால் ஒருபக்கம் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே ஓடும். தொடங்குவதற்குச் சுத்தமான, சமமான, கெட்டியான தரையே நல்லது. தவறாகக் கால் வைத்தால் அது உடனே சொல்லிவிடும். புல்லும் மணலும் ஒரு மாதம் கழித்துத்தான் சொல்லும்.

எவ்வளவு ஓடினீர்கள்? முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கூட்டக் கூடாது. மீதித் தூரத்தைப் பழைய ஷூவில் ஓடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டத்தின் தொடக்கத்தில் வையுங்கள், முடிவில் வேண்டாம். களைத்த காலுக்குப் புது வித்தை வராது.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் வலித்தால், விரலால் தடவி இடத்தைக் கண்டுபிடியுங்கள். குதிகால் எலும்புக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில், கயிறு போன்ற நாணைக் கிள்ளினால் வலிக்கிறதென்றால் படிப் பயிற்சி: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் ஏறி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். அலுப்பாக இருக்கும், ஆனால் இதற்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை. வலி நாண் எலும்போடு சேரும் அடியிலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்காதீர்கள், சமதரையிலேயே செய்யுங்கள். இறக்கினால் அங்கே எலும்பில் நசுங்கி வலி கூடும்.

டாக்டரிடம் உடனே போக வேண்டியவை: ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலவோ கல்லெறிந்தது போலவோ தோன்றி, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் குதிநாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, ஒருவரைக் கெண்டைக்கால் சதையைப் பிசையச் சொல்லுங்கள். பாதம் அசையவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, ஓய்விலும் வலித்தால் நாளத்துக்குள் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதற்கு எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108.

## பாதத்தின் மேல்புறம் வலி

எல்லாத் தலைப்பிலும் என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீள எலும்புகள் இருக்கின்றன. மூச்சு ஒரு மாதத்தில் பழகிவிடும், தோல் ஆறு வாரத்தில் தடித்துவிடும்; எலும்பு கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். உடம்பு 20 கிலோமீட்டருக்குத் தயார் என்று சொல்லும்போது பாத எலும்பு ஐந்துக்குத்தான் தயாராக இருக்கும். 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவுக்குப் பத்து வாரத்தில் படிப்படியாக மாறிய 19 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்கோத்தது கூடியிருந்தது. படிப்படியாக மாறியவர்களுக்கே இது.

### முதல் சந்தேகம்: ஷூ நாடா

மெல்லிய ஷூ போட்டு ஓடுகிறவர்கள் முதலில் நாடாவைத் தளர்த்துங்கள். கயிற்றுச் செருப்புப் போடுகிறவர்கள் விரலிடுக்கு முடிச்சை நகர்த்துங்கள். மேல்புறம் ஓடும் நாண்கள் கட்டில் அழுந்தி வீங்குவதுண்டு. விரல்களை மேலும் கீழும் ஆட்டினால் வலி கூடி, எலும்பை அழுத்தினால் பெரிதாக வலிக்கவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். நாலைந்து நாளில் குறைந்துவிடும்.

### இரண்டாவது: எலும்பு

கட்டைவிரலால் ஒவ்வொரு நீள எலும்பையும் விரல் பக்கமிருந்து கணுக்கால் பக்கம்வரை அழுத்திக்கொண்டே வாருங்கள். பரவலாக வலிக்காமல், ஐம்பது பைசா அளவு ஒரே இடத்தில் "அங்கதான்" என்று கத்தும் வலி இருந்தால் ஓட்டத்தை அந்த நிமிடமே நிறுத்துங்கள். இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குப் பின்னால்தான் இது அதிகம் வரும். ஒற்றைக் காலில் குதித்துச் சோதிக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், நூலிழையாக இருக்கும் விரிசலைக் குதித்து முழுசாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

என் இடது பாதத்தில் இரண்டாம் எலும்பு விரிந்தது இப்படித்தான். 24 கிலோமீட்டர் ஓடிய மறுநாள், மீன் வாங்கிக்கொண்டு படியேறும்போது மேல்புறம் சுருக்கென்றது. எக்ஸ்ரே எடுத்தேன். "ஒண்ணுமில்லை" என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி இன்னும் பன்னிரண்டு நாள் ஓடினேன். வீக்கத்தில் பாதத்து நரம்புகள் மறைந்துபோய், மேல்புறம் இட்லி போல உப்பி நின்றபிறகுதான் வேறொரு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தார். விரிசல் விழுந்த முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். அதை யாராவது எனக்கு அன்றே சொல்லியிருந்தால் அந்தப் பன்னிரண்டு நாள் ஓடியிருக்கமாட்டேன். எட்டு வாரம் ஓட்டம் இல்லை, அந்த வருஷ ஆரோவில் போயிற்று. அதனால்தான் இப்போது யார் பாதத்தைக் காட்டினாலும் முதலில் எலும்பை அழுத்திப் பார்க்கிறேன்.

டாக்டரிடம் எப்போது: ஒரே புள்ளியில் வலி, நடக்கும்போதே வலி, இரவில் படுத்திருக்கும்போது வலி. மூன்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி இருந்தால், "எம்.ஆர்.ஐ. தேவைப்படுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியிலோ, பாத வளைவின் உச்சியில் கணுக்காலுக்கு முன்னாலோ அந்தப் புள்ளி இருந்தால் இன்னும் அவசரம். அந்த எலும்புகள் லேசில் ஆறுவதில்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி கூடக்கூட மாதவிலக்கு தள்ளிப்போவதை "நல்லதாப் போச்சு" என்று விடாதீர்கள். ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம் இருக்கலாம், எலும்பும் அதோடு மெலியும். இரண்டாவது தடவை விரிசல் வந்த யாரும், ஆணானாலும் பெண்ணானாலும், வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள்.

## காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் குத்து

கட்டிலை விட்டு இறங்கியதும் ஆணி குத்துவது போல இருந்து, பத்திருபது அடி நடந்தால் குறைகிறதா? உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் பட்டைச் சவ்வு புண்பட்டிருக்கிறது.

இதற்கு ஓட்டத்தைவிட வீட்டுத் தரை காரணமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வெறுங்காலில் ஓடுவது வாரத்தில் மூன்று மணி நேரம். டைல்ஸ் தரையில் சமையலறையில் நிற்பது நாளைக்கு ஐந்து மணி நேரம். ஓட்டத்தில் கால் அசைகிறது, சமையலறையில் ஒரே இடத்தில் அழுந்துகிறது. வீட்டுக்குள் ஒரு எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். தெருமுனைச் செருப்புக்கடையிலேயே கிடைக்கும். "வெறுங்கால்ல ஓடுறவ வீட்ல செருப்பா?" என்று மாமியார் கேட்டால் கேட்கட்டும்.

அதோடு, கட்டிலை விட்டு இறங்கும் முன் பாதத்தைத் தொடைமேல் வைத்து, கையால் விரல்களைப் பின்னோக்கி வளைத்துப் பத்து எண்ணுங்கள், பத்துத் தடவை. இரண்டு வாரம் கழித்து இதையும் சேருங்கள்: ஒரு துண்டைச் சுருட்டிப் படியில் விரல்களுக்கு அடியில் வைத்து, ஒற்றைக்காலில் மெதுவாகக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, 12 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கெண்டைக்கால் இறுகியிருப்பவர்களுக்கு இந்தக் குத்து அதிகம் வரும் என்பதால் மேலே உள்ள கெண்டைக்கால் தலைப்பையும் பார்த்துவிடுங்கள்.

குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். அப்போது சுரீரென்று வலித்தால் சவ்வு இல்லை, குதிகால் எலும்பிலேயே விரிசலாக இருக்கலாம். டாக்டர். மூன்று மாதம் விடாமல் செய்தும் குத்து குறையவில்லை என்றால் பிசியோவிடம் போங்கள். ஊசி போட்டுவிடலாம் என்று முதல் நாளே சொல்கிற இடத்தில் ஒத்துக்கொள்ள வேண்டாம், இன்னொருவரையும் கேளுங்கள்.

## முன்பாதத்துக்கு அடியில் வலி, விரல் மரத்துப்போதல்

மூன்றாம் நான்காம் விரலுக்கு நடுவே கூழாங்கல் சிக்கியது போல இருந்து விரல்கள் மரத்துப்போனால், ஷூவின் முன்பக்க அகலத்தைப் பாருங்கள். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை (இன்சோல்) வெளியே எடுத்து, அதன்மேல் வெறுங்காலோடு நில்லுங்கள். விரல் வெளியே பிதுங்கினால் ஷூ குறுகல். அடி மெலிதாக இருந்தால் மட்டும் நல்ல ஷூ ஆகிவிடாது. பெருவிரல் மூட்டுக்கு நேர் அடியில் மட்டும் வலித்து, விரலைப் பின்னுக்கு வளைத்தால் கூடினால், அங்கே இருக்கும் பட்டாணி அளவு எலும்புகள் நொந்திருக்கும். இரண்டு வாரம் ஓய்வு. குறையாவிட்டால் எலும்பு மருத்துவர்.

## முழங்கால் வலி

வெறுங்காலுக்கு மாறினால் முழங்கால் வலி பலருக்குக் குறையும். புதிதாக வந்திருந்தால் அடியின் நீளத்தைப் பாருங்கள். வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 38 வந்தால் நிமிடத்துக்கு 152 காலடி. அதை ஒரே நாளில் 180 ஆக்க வேண்டாம். ஐந்து சதவீதம் கூட்டி 160 ஆக்குங்கள், வேகம் அதேதான். போனில் மெட்ரோனோம் வைத்துக்கொள்ளலாம். முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, படியிறங்கும்போது நழுவினாலோ காலடி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். டாக்டரைப் பாருங்கள்.

## பதினெட்டு கிலோமீட்டர் வரை சரி, அதற்கப்புறம் எல்லாமே வலி

ஹாஃப் மாரத்தான் தாண்டி ஃபுல் மாரத்தானுக்குப் போகிறவர்களின் கோளாறு இது. ஒரு இடமென்று இல்லை, பாதம் மொத்தமும் அடித்துப் போட்டது போல இருக்கும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதல் கிலோமீட்டரில் பாதத்தின் சத்தமே கேட்காது. எந்தக் கிலோமீட்டரில் 'பட் பட்' என்று அறையும் சத்தம் தொடங்குகிறதோ, உங்கள் வெறுங்கால் தூரம் அதுவரைதான். அந்த எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த நீள ஓட்டத்தில் அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே இடுப்பில் செருகிய செருப்பை எடுத்துப் போடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த எண் தானாக நகரும்.

சத்தம் பத்து கிலோமீட்டரிலேயே தொடங்குகிறதென்றால் பாதத்தைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீரும் உப்பும் சாப்பாடும் போதுமா என்று பாருங்கள், தூக்கத்தையும் பாருங்கள்.

பந்தய நாளில் செருப்புப் போடுவதை அவமானமாக நினைத்து வந்த ஒரு தம்பிக்கு நான் சொன்னது இது. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு 2:15:16இல் மாரத்தான் ஜெயித்த எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா, 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி 2:12:11இல் மறுபடி ஜெயித்தார். ஆரோவிலின் செம்மண் தடம் வெறுங்காலுக்கு வாகானது. ஆனால் சரளைக்கல் வரும் இடங்களும் உண்டு. அங்கே செருப்புப் போட்டுத் தாண்டுங்கள்.

## முள், கண்ணாடி, தோலில் ஊரும் கோடு

பந்தயப் பைக்குள் ஒரு ஊசி, சின்னச் சாமணம், பிளாஸ்திரி, கிருமிநாசினி. இவை இல்லாமல் வெறுங்காலில் கிளம்பாதீர்கள். நெருஞ்சி முள்ளை நின்று பிடுங்கிவிட்டு ஓடலாம். சீமைக் கருவேல முள் உள்ளே ஒடிந்துவிடும், வீட்டில் தோண்டினால் புண் பெரிதாகும். ஆழமாக இருந்தால் டாக்டரே எடுக்கட்டும். கண்ணாடியும் அப்படியே. வெளியே வந்த துண்டின் விளிம்பு ஒடிந்திருந்தால் மீதி உள்ளே இருக்கிறது.

தேங்கிய மழைத்தண்ணீரில், பித்தவெடிப்போ சேற்றுப்புண்ணோ இருக்கும் காலை வைக்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும். தண்ணீரில் இறங்கிய பின் இரண்டு மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், அதை ஓட்டத்து வலி என்று எண்ணிவிடாதீர்கள். தண்ணீரில் ஓடியதை டாக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள்.

கடற்கரை மணலில் ஓடியபின் பாதத்தில் நமைச்சல் எடுத்து, சிவப்பாக ஒரு கோடு தோலுக்கடியில் வளைந்து வளைந்து போனால், கோட்டின் நுனியைப் பேனாவால் குறித்து வையுங்கள். மறுநாள் நுனி அந்தக் குறியைத் தாண்டியிருந்தால், நாய்ப் பீயிலிருந்து மணலுக்கு வந்த கொக்கிப்புழுவின் குஞ்சு உள்ளே ஊர்கிறது. தோல் மருத்துவரிடம் மாத்திரை இருக்கிறது, சீக்கிரமே அடங்கிவிடும். சுண்ணாம்பு, ஆசிட் என்று எதையும் மேலே தடவிப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டீர்கள் என்று டாக்டர் கேட்பார். எங்கள் குழுவில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிக்கிறார்கள். பத்து வருஷம் ஆகியிருந்தால் ஷூவைக் கழற்றும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அழுக்குப் பட்ட ஆழமான காயமென்றால் ஐந்து வருஷம் ஆகியிருந்தாலே மறுபடி போடுவார்கள். போட்ட தேதியை இன்றைக்கே போனில் குறித்து வையுங்கள்.